மூன்றாவது பெட்டி

ஜூலை 3

அன்புள்ள அத்தானுக்கு,

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்று மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க நான் எங்கள் அலுவலகக் கழிப்பறையில் தாழ்போட்டுக்கொண்டு, மூடிய கோப்பையின் மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தேன். காலை ஏன் தூக்கினேன் என்றால் அந்தக் கதவுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி. என் செருப்பை எங்கள் மேலாளருக்கு நன்றாகத் தெரியும். நானோ ஐம்பது தாண்டிய ஆள், தொப்பை, மூட்டுவலி. அந்தக் கோலத்தில் என்னை நீங்கள் பார்த்திருந்தால் நமக்குள் இருக்கும் சண்டை அங்கேயே தீர்ந்து, சிரித்தே உங்கள் தையல் பிரிந்திருக்கும்.

மேலாளர் அம்மாவுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் தெர்மாமீட்டர். ஒரு பார்வை பார்த்தால் போதும், எவனுக்கு உள்ளே காய்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார். எனக்கு நேற்று உள்ளே காய்ந்தது. அதனால்தான் ஒளிந்தேன்.

உங்கள் கைபேசியில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று அக்கா சொன்னாள். நியாயம்தான். அக்காவின் பிறந்தநாள் விருந்தில், கிட்னி ஆபரேஷன் முடிந்து மயக்க ஊசியிலிருந்து விழித்ததும் நீங்கள் டாக்டர், நர்ஸ், பக்கத்துக் கட்டில்காரர் எல்லோரையும் "எந்த மாடி? மேலேயா, கீழேயா?" என்று கேட்டதை நான் நடித்துக் காட்டியது அதிகப்பிரசங்கித்தனம். அதிலும் இரண்டாம் தடவை நடித்தது ரொம்பவே அதிகம். ஆனால் இரண்டாம் தடவை நடிக்கச் சொல்லிக் கேட்டது உங்கள் சொந்த அண்ணன் என்பதை மட்டும் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

இந்தக் கடிதத்தை வீட்டுக்கு அனுப்பாமல் உங்கள் லிஃப்ட் பட்டறைக்குக் கூரியரில் அனுப்புவது அக்கா கண்ணில் படக் கூடாது என்பதற்காக. அத்தான், தயவுசெய்து ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். கடைசியாக ஆஸ்பத்திரியில் கொடுத்த அறிக்கையைப் பார்த்து உங்கள் மாத்திரையைக் குறைத்தார்களா? கிட்னியை உடம்பு வெளியே தள்ளாமல் இருப்பதற்காகக் காலையும் இரவும் போடுகிறீர்களே, அந்த மாத்திரை.

"குறைக்கவில்லை" என்று எழுதினால் ஒன்றுமில்லை. ஏன் கேட்டேன் என்றுகூடச் சொல்ல மாட்டேன்.

உங்கள் மைத்துனன்

--

ஜூலை 6

மாப்பிள்ளை,

குறைத்தார்கள். பாதியாக.

ஏன் கேட்டாய்? இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, கழிப்பறைக் கதையை ஒரு பக்கத்துக்கு எழுத உனக்கு எப்படிக் கை வருகிறது? நான் கடிதத்தைப் பட்டறையில், மோட்டார் சத்தத்துக்கு நடுவில் நின்றபடி படித்தேன். கடைசிப் பத்திக்கு வந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கூட வேலை செய்பவன், "என்னண்ணே, யாராவது போயிட்டாங்களா?" என்று கேட்டான். "இன்னும் இல்ல" என்று சொன்னேன்.

உன் வேலை என்ன என்று எனக்கு இதுவரை சரியாகத் தெரியாது. ஏதோ கணக்கு, கம்ப்யூட்டர் என்று உன் அக்கா பெருமை அடிப்பாள். அந்த அறிக்கை உங்கள் ஆபீஸிலிருந்துதான் வருகிறதா? அதில் தப்பு இருக்கிறதா? எனக்குச் சுற்றி வளைக்காமல் எழுது. சிரிப்புக் காட்டாமல் எழுது.

அது என் கிட்னி இல்லை. உன் அக்காவுடையது. அவள் வயிற்றில் எவ்வளவு நீளத்துக்குக் கோடு இருக்கிறது என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

உடனே எழுது.

--

ஜூலை 8

அன்புள்ள அத்தானுக்கு,

சிரிப்புக் காட்டாமல் எழுதச் சொன்னீர்கள். முயல்கிறேன். பயந்தால் எனக்கு வாய் தானாக ஓடும். அக்காவைக் கேட்டுப் பாருங்கள், சின்ன வயதில் நாய் துரத்தியபோதும் நான் நாயோடு பேசிக்கொண்டேதான் ஓடினேனாம்.

கிட்னி மாற்றிக்கொண்டவர்களின் ரத்தச் சோதனை எண்கள் ஆஸ்பத்திரிகளிலிருந்து எங்களிடம் வரும். அவை பட்டியலுக்குள் பட்டியலாக இருக்கும். பெட்டிக்குள் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டியைத் திறந்தால் ஆளுக்கொரு பெட்டி. ஓர் ஆளின் பெட்டியைத் திறந்தால் அவர் ஒவ்வொரு முறை வந்ததற்கும் ஒரு பெட்டி. அதைத் திறந்தால் சோதனைக்கு ஒரு குட்டிப் பெட்டி. அதற்குள்தான் எண். என் வேலை, இவ்வளவு மூடிகளையும் தாண்டிக் கையை விட்டு, வேண்டிய எண்ணை மட்டும் வெளியே எடுப்பது. அதற்குக் கம்ப்யூட்டரில் ஒரு நிரல், அதாவது ப்ரோகிராம், எழுதி வைத்திருக்கிறேன். அது எடுத்துக் கொடுக்கும் எண்ணைப் பார்த்துத்தான் அறிக்கையில் "மருந்து கூடுதல்", "மருந்து குறைவு" என்று அச்சாகும்.

இந்த எடுக்கிற வித்தையைக் கற்கவே எனக்குப் பல மாதம் ஆயிற்று. நிரல் எழுதுகிற அந்தக் கம்ப்யூட்டர் மொழியில் ஓர் அடைப்புக்குறி போட்டுக் கேட்டால் பெட்டியோடு தூக்கிக் கையில் கொடுக்கும். இரண்டு அடைப்புக்குறி போட்டால்தான் மூடியைத் திறந்து உள்ளே இருப்பதைக் கொடுக்கும். முதல் மாதம் முழுக்க நான் பெட்டிகளைக் கூட்டிக் கழிக்கப் பார்த்து, அது என்னைத் திட்டிக்கொண்டே இருந்தது. இது இருக்கட்டும்.

ஒரு பெட்டியை இரண்டு விதமாகக் கேட்கலாம். பெயர் சொல்லிக் கேட்கலாம், "மருந்து அளவு என்று எழுதியதை எடு" என்று. அல்லது இடம் சொல்லிக் கேட்கலாம், "மூன்றாவதை எடு" என்று. எங்களுக்கு வரும் வரிசை எப்போதும் ஒன்றுதான். முதலில் கிரியேட்டினின் (அது ஏறினால் கிட்னி தளர்கிறது என்று அர்த்தம்), அடுத்து பொட்டாசியம், மூன்றாவது மருந்து அளவு, நான்காவது ஹீமோகுளோபின். எனவே நான் சோம்பேறித்தனமாக மூன்றாவதை எடு என்று எழுதிவிட்டேன். நன்றாகத்தான் ஓடியது.

போன வாரம்தான் உறைத்தது. யாருக்காவது ஒரு சோதனை நடக்காமல் போனால், அந்தப் பெட்டிக்குள் "ஒன்றுமில்லை" என்று எழுதுவோம். அந்த மொழி என்ன செய்கிறது தெரியுமா? ஒன்றுமில்லை என்றால் பெட்டி எதற்கு என்று பெட்டியையே தூக்கி எறிந்துவிடுகிறது. பின்னால் இருப்பவை ஓர் இடம் முன்னே நகர்ந்துவிடுகின்றன. நான்காவது மூன்றாவதாகி விடுகிறது. உங்கள் தொழிலில் சொன்னால், நான்காம் மாடியை யாரோ உருவி எடுத்துவிட, ஐந்தாம் மாடி இறங்கி அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. லிஃப்டில் நான்கை அழுத்தியவன் வேறு யார் வீட்டிலோ போய்ச் சாப்பிடுகிறான்.

பார்க்கக் கூடாதுதான். ஆனாலும் உங்கள் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அத்தான், அதில் மருந்து அளவுச் சோதனை இல்லை. மூன்றாவது இடத்தில் இருந்தது ஹீமோகுளோபின். பதிமூன்று. ரத்தத்துக்குப் பதிமூன்று நல்ல எண். ஆனால் மருந்துக்கு அது அதிகம். "மருந்து கூடுதல்" என்று என் நிரல் அச்சடித்துக் கொடுத்திருக்கிறது. பாதியாகக் குறைத்திருக்கிறார்கள்.

நீங்களாக மாத்திரையைக் கூட்டிவிடாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். நாளைக்கே போய் ரத்தம் கொடுங்கள்.

இன்னொன்று. அன்றைக்கு நீங்கள் அந்தச் சோதனைக்கு ரத்தம் கொடுத்தீர்களா? மாத்திரை போடாமல் வெறும் வயிற்றோடு போக வேண்டிய சோதனை அது. உங்களுக்கும் வெறும் வயிற்றுக்கும் இருக்கும் உறவு குடும்பத்துக்கே தெரியும். பக்கத்து டீக்கடைக்குப் போய்விட்டீர்களா? சொல்லிவிடுங்கள், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

--

ஜூலை 11

மாப்பிள்ளை,

அன்றைக்கு நான் ரத்தம் கொடுத்தேன். ஊசி குத்திய பெண் நரம்பு கிடைக்காமல் இரண்டு தடவை குத்தினாள். "உங்க நரம்பு ஓடி ஓடி ஒளியுது சார்" என்றாள். பஞ்சை வைத்துக் கையை மடக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அதன் பிறகுதான் டீ குடித்தேன். பிறகு. புரிகிறதா?

நீ தப்புச் செய்வாய். கம்ப்யூட்டர் தப்புச் செய்யும். மாட்டிக்கொண்டதும் நான் டீக்கடைக்குப் போனேன் என்பாய். லிஃப்ட் நடுவில் நின்றால் உள்ளே மாட்டிக்கொண்டவனைப் பார்த்து "நீ ஏன் ஏறின?" என்று எங்கள் தொழிலில் யாரும் கேட்க மாட்டார்கள்.

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. பட்டறையில் மறைவாகப் போய் நின்று கணுக்காலை விரலால் அழுத்திப் பார்க்கிறேன், குழி விழுகிறதா என்று. விழுகிற மாதிரி இருக்கிறது. மறுபடி அழுத்தினால் இல்லாத மாதிரி இருக்கிறது. அழுத்தி அழுத்தியே வீங்கிவிட்டதோ என்னவோ. கிட்னி வைத்த இடத்தில் கையை வைத்துப் பார்க்கிறேன். முன்னைவிடச் சூடாக இருக்கிறது. உன் அக்கா பார்த்துவிட்டு, "என்ன, வயித்த வலிக்குதா?" என்றாள். "சட்டை பட்டன் இறுக்குது" என்றேன். உடனே பட்டனைப் பிரித்து நகர்த்தித் தைத்துக் கொடுத்துவிட்டாள். அவளிடம் நான் எப்படிச் சொல்வது? நீ கொடுத்ததை உன் தம்பியும் நானும் சேர்ந்து கெடுத்துவிட்டோம் என்றா?

நீ சொன்னபடி மறுபடி ரத்தம் கொடுக்க இன்னும் போகவில்லை. போக வேண்டும், தெரியும். முடிவு வந்துவிட்டால்? இப்போது தெரியாமல் இருப்பதால்தான் கொஞ்சமாவது சோறு இறங்குகிறது.

நீ என்னை நடித்துக் காட்டினாயே. அன்றைக்கு நான் உளறவில்லை. மயக்கம் தெளிந்துவிட்டது. கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள், லிஃப்ட் கதவு மூடியது, மோட்டார் சத்தம் கேட்டது, ஆனால் மேலே போகிறதா கீழே போகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. முப்பது வருஷத்தில் எனக்கு அது தெரியாமல் போனதே இல்லை. பயந்துபோய்க் கேட்டேன். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள்.

உன் மேலாளரிடம் சொல்லிவிட்டாயா? என்னைப் போல வேறு எத்தனை பேர்?

--

ஜூலை 13

அன்புள்ள அத்தானுக்கு,

அந்த லிஃப்ட் பத்தியை இரண்டு தடவை படித்தேன். இனி அதை நடிக்க மாட்டேன். யார் கேட்டாலும்.

சொல்லவில்லை. சொல்லப் போனேன். மூன்று தடவை போனேன். முதல் தடவை கதவைத் தட்டினேன், தெர்மாமீட்டர் நிமிர்ந்து பார்த்தார், "என்ன?" என்றார். "ஸ்டேப்ளர் இருக்கா மேடம்?" என்று கேட்டேன். கொடுத்தார். இரண்டாம் தடவை அதைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மூன்றாம் தடவை, "உங்களுக்கு ஒரு ஸ்டேப்ளர் வாங்கித் தரச் சொல்லட்டுமா?" என்று அவரே கேட்டார். வாங்கியும் கொடுத்துவிட்டார். புத்தம் புதிது, நீல நிறம். மேசையில் இருந்துகொண்டு என்னைப் பார்க்கிறது.

நிரலைத் திருத்திவிட்டேன், பெயர் சொல்லிக் கேட்கும்படி. நாலே எழுத்து மாற்றுகிற வேலை. ஆனால் திருத்தியதை ஓட விட வேண்டுமானால் அவர் ஒப்புதல் வேண்டும், ஒப்புதல் வேண்டுமானால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொன்னால் வேலை போகும். இந்த வயதில் என்னை யார் எடுப்பார்கள்? அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. வேலை போவது இருக்கட்டும், போலீஸ் வருமா? எங்கள் கட்டட வாசலில் நேற்று ஒரு போலீஸ் வண்டி நின்றது. நான் பின்வாசல் வழியாக, குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில் நடந்து வீட்டுக்குப் போனேன். அவர்கள் எதிர்க்கடையில் கைபேசிக்கு உறை வாங்க வந்தார்களாம், இன்று காலைதான் தெரிந்தது.

வேறு எத்தனை பேர் என்று கேட்டீர்கள். இருபது பேருக்கு மேல். எல்லோருக்கும் மாத்திரை குறைந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குத்தான் தெரியும்.

உங்களை நம்பாமல் இல்லை அத்தான். ஆனால் பெட்டி இல்லையே. பெயர் சொல்லியும் தேடிப் பார்த்தேன், அந்த வருகையில் மருந்து அளவு என்று ஒரு பெட்டியே கிடையாது. ஊசி இரண்டு முறை குத்தியது போன மாதமாக இருக்கலாம், அதற்கு முந்தைய மாதமாகவும் இருக்கலாம். ரத்தம் எடுக்கப் போகிற காலையெல்லாம் ஒன்று போலத்தானே இருக்கும்? கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். இயந்திரத்துக்கு உங்கள் மேல் என்ன பகை?

--

ஜூலை 16

மாப்பிள்ளை,

உன் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. நான்தான் சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பெட்டி, மூன்றாவது, நான்காவது, பதிமூன்று. நறுக்குவதை நிறுத்தவே இல்லை. வெண்டைக்காய் முடிந்ததும்தான் தலையைத் தூக்கினாள்.

"அதெல்லாம் கெடக்கட்டும். அன்னைக்கு ரத்தம் குடுத்தீங்களா இல்லையா?"

"குடுத்தேன்."

"என் கண்ணப் பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். அங்கேதான் தப்பாகிவிட்டது, மாப்பிள்ளை. நீ நிதானமாக யோசி என்று எழுதியதிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். யோசிக்க யோசிக்க ஊசி குத்தியது அந்த மாதமா முந்தின மாதமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கண் ஒரு நொடி தடுமாறியது. அவளுக்கு அது போதும்.

"டீக்கடைக்குப் போயிருக்கீங்க."

"இல்லடி..."

"என் தம்பி சோம்பேறி, புளுகன், எல்லாம் எனக்குத் தெரியும். ஆனா அந்த மிஷின் எதுக்குப் பொய் சொல்லணும்? என் வயித்தக் கிழிச்சுக் குடுத்திருக்கேன். ஒரு கால் மணி நேரம் டீ குடிக்காம இருக்க முடியலையா உங்களால?"

அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. ஆபரேஷன் அன்றைக்குக்கூட அழவில்லை, "பார்த்துப் பத்திரமா வெச்சுக்குங்க" என்று சிரித்தாள். நான் என்ன செய்வேன்? "ஆமாம், ரத்தம் குடுக்கல, தப்புத்தான்" என்று சொல்லிவிட்டேன். அவள் கையைப் பிடித்து மன்னிப்பும் கேட்டேன். சொன்னதும் மனசு லேசானது. அதனால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நாளைக் காலையில் போகிறோம். அவளும் கூட வருகிறாள். வழியில் இருக்கும் டீக்கடைக்கும் எனக்கும் நடுவில் நடப்பாளாம்.

எனக்கு ரொம்ப பயமாக இருக்கிறது. ஆனால் ஒன்று நினைத்துப் பார்த்தேன். எனக்காவது கடிதம் எழுத நீ இருக்கிறாய். அந்த இருபது பேர் இன்று காலையிலும் பாதி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருப்பார்கள். அவர்கள் வீட்டில் கிட்னி கொடுத்தவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு யார் எழுதுவது?

நாளை என் கையில் ஊசி ஏறுகிற நேரத்தில் நீ அந்த அம்மா அறைக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் நான் நேரில் வந்து சொல்வேன். லிஃப்டில் ஏறி வந்து சொல்வேன்.

--

ஜூலை 20

அன்புள்ள அத்தானுக்கு,

சொல்லிவிட்டேன்.

கதவைத் தட்டிவிட்டு, அவர் "என்ன?" என்று கேட்பதற்குள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்துவிட்டேன். ஒரு வாரமாக ஒத்திகை பார்த்தது அத்தனையும் மறந்துபோய், "மேடம், மூணாவது பெட்டி மூணாவது பெட்டியே இல்ல" என்று ஆரம்பித்தேன். அப்புறம் எப்படியோ முடித்தேன்.

கண்ணைத் திறந்தபோது அவர் முகத்தில் நிறமே இல்லை. கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"போன... கொஞ்ச நாள் முன்னாடி மேடம்."

"ஸ்டேப்ளர் கேட்டு வந்தீங்களே, அப்பவா?"

"ஆமா மேடம்."

"அடப்பாவி" என்றார். என்னைத் திட்டுகிற குரல் இல்லை அது. இரண்டு வருஷமாக அந்த அறிக்கைகளில் அவரும்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தொலைபேசியை எடுத்து, ஆஸ்பத்திரி எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினார். அந்தக் கட்டடத்தில் பயப்படுகிற ஆள் நான் ஒருவன்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அன்றே எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் சொல்லியாயிற்று. பெரும்பாலோருக்கு டாக்டர்களே சந்தேகப்பட்டு மாத்திரையை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். சிலருக்கு மாற்றி, மறுபடி கூட்டியிருக்கிறார்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பெண்மணியை மட்டும் உடனே படுக்கையில் சேர்த்திருக்கிறார்கள். கிரியேட்டினின் ஏறத் தொடங்கியிருந்ததாம். இன்னும் சில நாள் போயிருந்தால் கஷ்டம் என்றார்களாம், இப்போது சமாளித்துவிடலாமாம்.

என் வேலை இருக்கிறதா இல்லையா என்று மாதக் கடைசியில் சொல்வார்களாம். அதுவரை நான் எதையும் எழுதக் கூடாது, சரிபார்க்க மட்டும் செய்யலாம். ஸ்டேப்ளரைத் திரும்பக் கேட்கவில்லை.

உங்கள் முடிவு வந்ததா? உடனே எழுதுங்கள். தபால்காரர் தெருமுனையில் வரும்போதே வாசலுக்கு ஓடுகிறேன்.

--

ஜூலை 23

மாப்பிள்ளை,

வந்துவிட்டது. எல்லாம் சரியாக இருக்கிறது!

டாக்டர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குறைச்ச அளவே உங்களுக்குப் போதும். இதையே போடுங்க" என்றார். கிரியேட்டினின் நன்றாக இருக்கிறது. கணுக்காலைக் காட்டினேன், "அழுத்தாம விட்டா சரியாயிடும்" என்றார். எப்படி டாக்டர், தப்பான கணக்கால் பாதி மாத்திரை சாப்பிட்டவனுக்கு எப்படி ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டேன். அவர் சிரித்தார். உன் அக்கா விடவில்லை. "யாரோட கிட்னின்னு நெனச்சீங்க?" என்று டாக்டரையே கேட்டாள். உன் அக்காவின் கிட்னி லேசுப்பட்டது இல்லை, மாப்பிள்ளை. மருந்து பாதியானாலும் சட்டை செய்யாமல் அதுபாட்டுக்கு வேலை செய்திருக்கிறது. அவளைப் போலவே.

இப்போது அவள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுக் கதை சொல்கிறாள். நான் ரத்தம் கொடுக்காமல் டீக்கடையில் உட்கார்ந்தது, அவள் கண்ணைப் பார்த்தே பிடித்தது, நான் காலில் விழுந்தது (கையைத்தான் பிடித்தேன்), அவள் பெரிய மனசு பண்ணி மன்னித்தது. ஒவ்வொரு போனிலும் கதை நீள்கிறது. என் அண்ணனிடம் சொல்லும்போது நான் வடையும் தின்றிருக்கிறேன். மறுத்துப் பேசத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கே இப்போது நினைவு வந்துவிட்டது. அந்தக் கடையில் வலது பக்க பெஞ்சு, கண்ணாடி டம்ளர், சர்க்கரை தூக்கல். ஊசிக்காரப் பெண்தான் மங்கலாகிவிட்டாள்.

அந்தப் பெண்மணியை நினைத்துக்கொள்கிறேன். யாரோ, நல்லபடியாக வீட்டுக்குப் போகட்டும்.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். கூப்பிடு. சனிக்கிழமை சாப்பிட வா. நடித்துக் காட்டுவதாக இருந்தால் உன்னையே நடித்துக் காட்டு, அந்தக் கழிப்பறைக் காட்சியை. அண்ணனும் வருகிறார்.

--

ஜூலை 27

அன்புள்ள அத்தானுக்கு,

கூப்பிட்டிருக்கலாம். எண்ணை இரண்டு முறை எடுத்தேன். உங்கள் குரலைக் கேட்டால் சொல்ல வராது என்று மறுபடி எழுதுகிறேன். பட்டறை முகவரிக்குத்தான்.

சரிபார்க்க மட்டும் செய்யலாம் என்று சொன்னார்கள் அல்லவா? சரிபார்த்தேன். பாதிக்கப்பட்டவர்களின் பெயர்களை ஒன்றொன்றாக அச்சடித்துக் கோக்க வேண்டியிருந்தது. உங்கள் பெயர் வரவில்லை. மறுபடி அச்சடித்தேன், மறுபடியும் வரவில்லை.

அத்தான், உங்கள் ஆஸ்பத்திரிப் பட்டியலில் உங்கள் வரிசை எண் நாற்பத்தொன்று. அன்றைக்குப் பயத்தில் நான் பெரிய பெட்டிக்குள் கையை விட்டு, நாற்பத்தொன்றாவது பெட்டியை எடுத்தேன். நாற்பத்தொன்று என்று பெயர் எழுதியதை எடுக்கவில்லை. உங்களுக்கு முன்னால் இருந்த ஒருவர் வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாறிப் போய்விட்டாராம். அவர் பெட்டிக்குள் "ஒன்றுமில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் கம்ப்யூட்டர் மொழியும் தன் வழக்கப்படி அந்தப் பெட்டியையே தூக்கி எறிந்துவிட, பின்னால் இருந்த எல்லோரும் ஓர் இடம் முன்னே நகர்ந்துவிட்டீர்கள். குட்டிப் பெட்டியில் என்ன தப்புச் செய்தேனோ, அதைக் கண்டுபிடித்த அதே கையால் பெரிய பெட்டியிலும் செய்திருக்கிறேன். திறந்ததும் உள்ளே போய்ச் சோதனைகளைத் தேடினேனே தவிர, மூடியில் யார் பெயர் என்று பார்க்கவில்லை.

நான் பார்த்தது உங்களுக்கு அடுத்த பெட்டி. அந்தப் பதிமூன்று, படுக்கையில் சேர்த்த பெண்மணியுடையது. இன்று வீட்டுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். இருபது பேருக்கு யார் எழுதுவது என்று நீங்கள் கேட்காமல் இருந்தால், நான் உங்களை மட்டும் பார்த்துக்கொண்டு அந்த நீல ஸ்டேப்ளரோடு உட்கார்ந்திருப்பேன். அதைப் பற்றி இன்னும் யோசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உங்கள் பெட்டியில் எல்லாம் இருக்கிறது. மருந்து அளவும் இருக்கிறது, அதன் இடத்திலேயே. உண்மையாகவே கொஞ்சம் கூடுதலாக இருந்தது, குறைத்தது சரி. உங்களுக்கு எந்த நிமிஷமும் ஆபத்து இருக்கவில்லை.

இதைத் தெர்மாமீட்டரிடம் நாளை சொல்லப் போகிறேன். அவரிடம் சொல்வதற்குக்கூட இப்போது அவ்வளவு பயமில்லை. அக்காவிடம் யார் சொல்வது? கதை இதற்குள் எங்கள் சித்தி வரைக்கும் போய்விட்டது. சித்தி எனக்குப் போன் போட்டு, "உங்கத்தானுக்கு டீ மேல அப்படி என்னடா பைத்தியம்?" என்று கேட்டாள். சனிக்கிழமை வருகிறேன், நீங்கள் சொல்கிறபடி செய்வோம்.

ரத்தம் கொடுத்த பிறகுதான் டீ என்று நீங்கள் முதலில் எழுதியதுதான் உண்மை, அத்தான். ஆய்வுக்கூடத்தில் அன்றன்று எடுக்கும் ரத்தக் குழாய்களுக்கு எடுத்த வரிசையில் எண் போடுவார்கள். அன்றைக்கு உங்கள் குழாயின் எண் ஒன்று.